அடிபட்ட நாய்க்காக யாரை நம்பிக் கொடுப்பது?

வண்டி மோதிச் சாலையோரம் கிடக்கும் நாயைப் பார்த்துப் பதறும் எவருக்கும் சென்னையில் உடனே கிடைக்கும் அறிவுரை, "ப்ளூ கிராஸுக்குப் போன் போடுங்க" என்பதுதான். லைன் கிடைக்கவில்லை என்றாலோ, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றாலோ, "இவங்களுக்கெல்லாம் எதுக்கு நன்கொடை?" என்ற கோபம் கிளம்பிவிடுகிறது. அன்று இரவே இன்ஸ்டாகிராமில் யாரோ ஒரு பெண் தன் வீட்டு மொட்டை மாடியில் கால் ஊனமான நாய்களுக்குச் சோறு பிசைந்து வைக்கும் வீடியோ வருகிறது. கீழே ஒரு க்யூஆர் கோடு. மனம் அங்கே சாய்ந்துவிடுகிறது.

பெரிய அமைப்பு பணத்தை விளம்பரத்திலும் சம்பளத்திலும் கரைத்துவிடும், சின்ன இடத்தில் கொடுத்தால் முழுக்க நாய்க்கே போகும் என்பது ஒரு நம்பிக்கை. பதிவு, தணிக்கை, பெயர்ப்பலகை எல்லாம் உள்ள இடத்துக்கு மட்டும்தான் கொடுப்பேன், மற்றதெல்லாம் வசூல் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அளவை வைத்து நேர்மையை அளக்க முடியாது. உள்ளே போன விலங்குக்கு என்ன ஆனது என்று கேட்டால் நேராகப் பதில் வருகிறதா என்பதை வைத்துத்தான் அளக்க முடியும். அப்படிக் கேட்கத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

எந்த வேலைக்கு யார் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி 1959-ல் சென்னையில் தொடங்கியது ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா. அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழி என்று அந்த அமைப்பு 1964-லேயே சொன்னது. மாநகராட்சி அதற்கு இணங்க 1996 ஆகிவிட்டது. பிறகு 2001-ல் மத்திய அரசே அதை விதியாக்கியது. 2023-ல் அந்த விதிகள் புதிதாக எழுதப்பட்டன. முப்பது வருடங்களுக்கு மேல் ஒரே விஷயத்தை அதிகாரிகளிடமும் நீதிமன்றங்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்க ஓர் அலுவலகம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், கோப்புகள் வேண்டும். மொட்டை மாடியில் சோறு வைப்பவரால் அது முடியாது. இதில் செலவாகும் பணம் உங்கள் கண்ணில் படாது. நீங்கள் கொடுத்த ஆயிரம் ரூபாயில் எந்த நாயின் புண் ஆறியது என்று யாரும் போட்டோ அனுப்ப மாட்டார்கள். அதனால் அது வீணாகிவிட்டது என்று ஆகாது.

2024-ல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சென்னைத் தெருக்களில் சுமார் 1.8 லட்சம் நாய்கள் இருப்பதாகத் தெரியவந்தது. இத்தனை நாய்களுக்குக் கருத்தடை என்றால் அறுவை அரங்கு, பயிற்சி பெற்ற மருத்துவர்கள், நாய் பிடிப்பவர்கள், வண்டி, ஆபரேஷன் முடிந்து சில நாள் வைத்துப் பார்க்கத் தனித்தனிக் கூண்டுகள் எல்லாம் வேண்டும். விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லாமல் கருத்தடைத் திட்டத்தை யாரும் நடத்தவும் கூடாது என்கின்றன 2023 விதிகள். ஆக, எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை பெரியவர்களுடையது.

அதே சமயம், மாநகராட்சியின் வலைக்கு நான்கு முறை தப்பிய ஒரு பெண் நாய் யார் கையில் வந்து நிற்கும்? தினமும் இரவு பத்து மணிக்குச் சோறு கொண்டுவருகிறவர் கையில். எது குட்டி போட்டிருக்கிறது, எது இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எந்த வீட்டுக்காரர் கல் எறிகிறார் என்பதெல்லாம் அந்தத் தெருவின் ஃபீடருக்குத்தான் தெரியும். மாநகராட்சி வண்டி வரும்போது இவர் கூட நின்றால் ஒரு காலையில் அந்தத் தெருவே முடிந்துவிடும். இவர் இல்லையென்றால் வண்டி வெறுமனே திரும்பும். இரு பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டிடமும் ஒரே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

தனியாளுக்குக் கொடுப்பதென்றால், பணத்தைக் கிளினிக்கிலேயே கட்டுங்கள்.

பல சின்ன மீட்பாளர்களுக்கு டிரஸ்ட் பதிவு இருக்காது. அது குற்றமில்லை; நேற்று ஒரு நாயைத் தூக்கி வந்தவர் இன்று டிரஸ்ட் பத்திரம் எழுதியிருக்க மாட்டார். சொந்தக் கணக்கின் க்யூஆர் கோடுதான் அனுப்புவார். அவரிடம் சிகிச்சை நடக்கும் கிளினிக் பெயரைக் கேளுங்கள். கிளினிக்குக்குப் போன் செய்து, இன்னார் கொண்டுவந்த இந்த நாய்க்குப் பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அங்கேயே அனுப்பிவிடுங்கள். நேர்மையானவருக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் கிளினிக்கில் கடன் சொல்லிச் சொல்லி அவர் கூசிப்போயிருப்பார். "இல்லை, எனக்கே அனுப்புங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் யோசியுங்கள்.

ஒரே ஒரு விலங்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேளுங்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. ஆண்டறிக்கையில் "இத்தனை ஆயிரம் விலங்குகள் மீட்கப்பட்டன" என்று இருக்கும். மீட்கப்பட்டது என்றால் என்ன? வண்டியில் ஏற்றியதா, பிழைத்ததா, தெருவுக்குத் திரும்பியதா, தத்துப் போனதா? மொத்த எண் இதைச் சொல்லாது. "போன மாதம் பின்னங்கால் உடைந்து வந்த கறுப்பு நாய், காதில் வெள்ளைத் திட்டு, அது இப்போது எங்கே?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும், அல்லது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார்கள். "இறந்துவிட்டது, டிஸ்டெம்பர்" என்ற பதிலும் நல்ல பதில்தான்.

சாவைச் சொல்லும் இடத்தை நம்பலாம். எங்களிடம் வந்த எல்லாமே பிழைத்துவிட்டன என்று சொல்லும் இடத்தை நம்ப மாட்டேன். தெருவிலிருந்து வரும் குட்டிகளில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்கள் எவ்வளவு கொண்டுபோகும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதுகெலும்பு முறிந்து வரும் நாயைக் காப்பாற்றலாமா, வலியில்லாமல் போகவிடலாமா என்ற முடிவை யாரோ எடுத்தாக வேண்டும். அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், மருத்துவர் கையெழுத்து உண்டா என்று கேளுங்கள். பெரிய அமைப்பு "அது எங்கள் கொள்கை" என்று பேச்சை முடித்துக்கொண்டால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

நேரில் போய்ப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நாற்றத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நூறு நாய்கள் இருக்கும் இடம் கழுவி ஒரு மணி நேரத்தில் மறுபடி நாறத்தான் செய்யும். புதிதாக வந்தவற்றைத் தனியே வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் மசியாது. பிளீச்சிங் கலந்த நீர் வேண்டும். குட்டிகளை நேராகக் கூட்டத்தில் விடும் இடம், எவ்வளவு அன்பாக நடத்தப்பட்டாலும், குட்டிகளுக்கு ஆபத்தான இடம். இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய்களுக்குப் படுக்கைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தை மாற்றுவதும் திருப்பிப் படுக்க வைப்பதும் யாரும் வீடியோ எடுக்காத வேலை. அது நடக்கிறதா என்று அந்தப் புண் காட்டிக்கொடுத்துவிடும். வளாகத்தில் நடமாடும் பெரிய நாய்களின் காது நுனியைப் பாருங்கள். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு சிறு வெட்டு இருக்கும். ஷெல்டருக்குள்ளேயே குட்டி போடுகிறது என்றால் அங்கே அடிப்படையே சரியில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள்: கூண்டு கழுவுபவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னெச்சரிக்கை ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? நாய்க்கடி அன்றாடமாக இருக்கும் இடத்தில் கூலிக்கு வரும் மனிதரின் உயிரைப் பற்றி யோசிக்காதவர்கள் நாயின் உயிரைப் பற்றி யோசிக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி) வேண்டுமென்றால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேற்பட்ட ரொக்கத்துக்குச் சலுகை கிடையாது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை. ஆகவே வரிக்காகப் பெரிய இடம், பாசத்துக்காகச் சின்ன இடம் என்று பிரிப்பதும் பலருக்கு இனி தேவைப்படாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொடுக்க விரும்பினால், பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

சிங்கப்பூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் அண்ணனிடம் இந்தியக் குடியுரிமை இருந்தால், தன் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டால் ஆகும். அப்போது வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். விவரம் தெரியாமல் அனுப்பிவிட்டால் மாட்டிக்கொள்வது நம் ஊரில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும் சின்ன டிரஸ்ட். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படி வெளிநாட்டுப் பணம் வாங்கும் பெரிய அமைப்பு அதைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் சட்டம் விடுவதில்லை. "அவ்வளவு பணம் வருதே, பக்கத்துத் தெரு ஷெல்டருக்குக் கொஞ்சம் தரக்கூடாதா?" என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

1962 என்ற எண்ணைச் சேமித்து வையுங்கள். கால்நடைகளுக்கான அரசின் இலவச ஆம்புலன்ஸ் எண் அது. சாலையில் அடிபட்ட மாட்டைப் பார்த்து நாய் ஷெல்டரைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக ஓர் ஆள் கிடைத்தால் போதும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

ஜல்லிக்கட்டுக் கோபத்தை எல்லோர் மேலும் கொட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் விலங்கு நல அமைப்புகள் மேல் உள்ள நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. வழக்கில் விலங்கு நல வாரியமும் விலங்கு உரிமை அமைப்பான பீட்டா இந்தியாவும் இருந்தன. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினாவில் கூட்டம் கூடியது. மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. வழக்கு முடிந்துவிட்டாலும், "நீங்க பீட்டா ஆளா?" என்ற கேள்வி முடியவில்லை. நாய்க்குச் சோறு வைக்கும் அக்காவிடமும், காக்கைக்குக் கட்டுப்போடும் கல்லூரிப் பையனிடமும் அது கேட்கப்படுகிறது.

நாட்டு மாடு வளர்க்கும் குடும்பங்களிடம் போய் உட்கார்ந்து பேசாமல், தொலைவிலிருந்து தீர்ப்பு வாங்கி வந்தார்கள் என்ற மனக்குறையில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். பெரிய அமைப்புகள் ஊரின் பேச்சைக் கற்றுக்கொள்ளாமல் ஊருக்குச் சட்டம் சொன்னால் நம்பிக்கை எப்படி வரும்? வாடிவாசலில் காளைகளுக்கும் மனிதர்களுக்கும் காயமே இல்லை என்று யாரும் சொல்லவும் முடியாது. அந்த விவாதம் நடக்கட்டும். பீட்டா வேறு, ப்ளூ கிராஸ் வேறு, விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ வேறு, மேனகா காந்தி தொடங்கிய பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வேறு, உங்கள் தெரு ஃபீடர் முற்றிலும் வேறு. ஒருவர் போட்ட வழக்குக்காக இன்னொருவரின் சோற்றுப் பாத்திரத்தை எட்டி உதைப்பது அநியாயம்.

பெயர் ஒத்துப்போவதை வைத்துக் கொடுக்காதீர்கள்.

இந்திய ப்ளூ கிராஸும் இங்கிலாந்தின் ப்ளூ கிராஸும் ஒன்றல்ல. விலங்கு நல வாரியம் நன்கொடை அமைப்பே இல்லை. 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய அரசுச் சட்ட அமைப்பு. அமெரிக்காவில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. அங்கே ஊருக்கு ஊர் "ஹ்யூமேன் சொசைட்டி", "எஸ்பிசிஏ" என்ற பெயரில் தனித்தனி ஷெல்டர்கள் உண்டு. நியூயார்க்கில் 1866-ல் தொடங்கிய ஏஎஸ்பிசிஏ-வுக்குக் கொடுத்தால் தங்கள் ஊர் எஸ்பிசிஏ-வுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தவர்கள் ஏராளம். அது தானாகப் போய்ச் சேராது, இரண்டுக்கும் நிர்வாகத் தொடர்பே இல்லை. ஹ்யூமேன் சொசைட்டி ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பெரிய அமைப்பு 2025-ல் தன் பெயரையே ஹ்யூமேன் வேர்ல்டு ஃபார் அனிமல்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அங்கே இருக்கும் நம் உறவினர்கள் மாதாமாதம் அட்டையிலிருந்து போகும் பணம் எங்கே போகிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

சம்பளம் கொடுக்கிறார்கள் என்று குறைப்படாதீர்கள். தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு சுவர் ஏறும் நாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்கும் வீட்டு வாடகை உண்டு. யாருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பெரிய அமைப்பின் கணக்கில் அது இருக்க வேண்டும். சம்பளமே இல்லை, எல்லாம் சேவை என்று பெருமைப்படும் இடத்தில், சேவை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் கூண்டு கழுவுவார்கள் என்று கேளுங்கள்.

மலைப்பாம்பு பிடியில் குட்டி, சரியான நேரத்தில் வந்து நிற்கும் மனிதர் என்பது மாதிரியான வீடியோக்களைப் பகிராதீர்கள். கேமரா முன்பே எப்படி அங்கே இருந்தது? பார்வைக்காகவும் பணத்துக்காகவும் விலங்கை வேண்டுமென்றே ஆபத்தில் வைத்து எடுக்கப்படும் படங்கள் உலகெங்கும் உண்டு. "விருப்பம்" பொத்தானை அழுத்துவதுகூட அடுத்த குட்டியைப் பாம்பிடம் வைப்பதற்குத் துணைபோவதுதான். ஒரே நாயின் படத்தை வேறு வேறு ஊர்ப் பெயரோடு பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். படத்தைத் தேடுபொறியில் போட்டால் பழைய இடம் தெரிந்துவிடும்.

ராத்திரியில் ஷெல்டர் வாசலில் நாயைக் கட்டிவிட்டு ஓடாதீர்கள். நம்பிக்கை அவர்களுக்கும் நம் மேல் வேண்டும். ஆசைக்கு வாங்கிய ஹஸ்கி சென்னை வெயிலில் முடி கொட்டிப் படுத்துவிட்டது என்று விட்டுவிடுபவர்களால்தான், அடிபட்ட நாட்டு நாய்க்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

முடியாது என்று சொல்பவரை வற்புறுத்தாதீர்கள்.

சின்ன மீட்பாளரின் மிகப் பெரிய ஆபத்து அவருடைய இரக்கம்தான். பத்து நாய்களை அவர் அழகாகப் பார்த்துக்கொள்வார். இருபதில் கடன் வாங்குவார். நாற்பதில் தடுப்பூசி தவறும், சண்டையில் ஒன்று சாகும், பக்கத்து வீட்டார் போலீஸுக்குப் போவார்கள். அறுபதில் அவரே நோயாளி. இதில் மோசடி எங்கும் இல்லை. நாம்தான் ஒவ்வொருவராகப் போன் செய்து, "உங்களை விட்டா யாரும்மா இருக்காங்க" என்று சொல்லிச் சேர்த்துவிட்டோம். "இனி இடமில்லை, கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டரை நீங்கள் தேடுங்கள், மருந்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லும் மீட்பாளர்தான் பத்து வருடம் கழித்தும் இந்த வேலையில் இருப்பார். அப்படிச் சொல்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுபவர்கள், ஒரு வாரம் ஒரு குட்டியைத் தங்கள் குளியலறையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

நலமாக இருக்கும் தெருநாயை "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று எந்த அமைப்பையும் கேட்காதீர்கள். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. டெல்லித் தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக, இதையே சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி அதே ஆண்டு நவம்பரில் வேறு உத்தரவு வந்தது. அங்கிருந்து அகற்றும் பொறுப்பும் உள்ளாட்சியுடையது, நன்கொடையில் ஓடும் ஷெல்டருடையது அல்ல. சென்னையில் இருப்பவர்கள் 1913-ல் மாநகராட்சியிடம் சொல்லலாம். "காசு தர்றேன், வேற ஏரியால விட்டுடுங்க" என்றால் சரி என்று தலையாட்டும் ஆளிடம் நாயையும் கொடுக்காதீர்கள், காசையும் கொடுக்காதீர்கள்.

ஒரு நாய்க்காகப் பெருந்தொகையைக் கொட்டிவிட்டு மறந்துபோகாதீர்கள். முகத்தில் ஆசிட் வீச்சு, கால் துண்டிப்பு என்று ஒரு நாயின் படம் பரவினால் இரண்டு நாளில் தேவைக்கு மேல் பணம் சேரும். பக்கத்துக் கூண்டில் தோல் நோயோடு சொறிந்துகொண்டிருக்கும் எழுபது நாய்களுக்கு அரிசி வாங்க அதே மாதம் காசிருக்காது. அந்த நாய்க்கென்று வாங்கிய பணத்தை அரிசிக்குத் திருப்பினால் அது நம்பிக்கைத் துரோகமா என்று நிர்வாகி தவிப்பார். திருப்பாவிட்டால் பாத்திரம் காலி. கொடுக்கும்போதே, "மீதி இருந்தால் மற்றவற்றுக்குச் செலவழியுங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். முடிந்தால் ஐந்நூறு ரூபாயை மாதாமாதம் ஒன்றாம் தேதி போகும்படி வங்கியில் போட்டுவையுங்கள். அரிசிக்கடைக்காரரும் கோழிக்கடைக்காரரும் அந்தத் தேதியில்தான் பாக்கி கேட்டு வருவார்கள்.